மங்கையர் உடல்நலமும் மூலிகை உணவும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சைவமும் தமிழும் பேசும் மேடையில் மாதவிடாயையும் கருப்பையையும் பற்றிப் பேசுவதா என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். எமது சங்கத்தில் பெண்களும் அங்கத்தவர்கள். மற்றையோரோ பெண்களோடு கூடப் பிறந்தவர்கள், பெண்களை மணக்க இருப்பவர்கள், பெண்களைப் பெற்றவர்கள். ஆதலால் இதனைக் கேட்கத் தகாதவர் இம்மண்டபத்தில் ஒருவருமிலர்.

இன்று பாமசிக்குப் போனாலும், பலசரக்குக் கடைக்குப் போனாலும், கைத்தொலைபேசியைத் திறந்தாலும், பெண்களின் ஓமோனைச் சமன்படுத்தும் என்று சொல்லும் போத்தல்களும் தூள்களும் குளிசைகளும் வரிசையாகக் கண்ணிற் படுகின்றன. மகளுக்கு மாதம் ஒழுங்காக வருவதில்லை என்றவுடன் தாயார் கடன்பட்டேனும் அதிலொன்றை வாங்கி வருகிறார். அதே வீட்டில் பாட்டியார், இது எதற்கு, உழுத்தங்களி கிண்டிக் கொடு என்கிறார். இருவரும் அன்பினாலேயே சொல்கிறார்கள். இருவர் சொல்லிலும் எவ்வளவு உண்மை உண்டு என்பதை ஆராய்வோம்.

ஓமோன் என்ற சொல்லை 1905ஆம் ஆண்டில் இலண்டனில் ஏணஸ்ற் ஸ்ராளிங் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் தமது விரிவுரையொன்றில் வழங்கினார். தூண்டுதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. ஓரிடத்திற் சுரந்து, இரத்தத்தோடு சென்று, வேறோரிடத்தில் வேலை செய்விக்கும் பொருளே ஓமோன். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி கட்டளை அனுப்ப, பெண்ணின் சூலகங்கள் ஈஸ்திரோஜன், புரோஜெஸ்தரோன் என்னும் இரண்டையும் மாதத்திற்கேற்ற முறையில் சுரக்கின்றன. கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியும் இவ்வொழுங்கிற் பங்குகொள்கிறது.

வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்த்த பின்புதான் நாம் விருந்தினரை அழைப்போம். மூளையும் அப்படியே. உடலிற் சேமிப்புக் குறைந்து, உண்பது செலவுக்குப் போதாதாயின், கபச்சுரப்பிக்குப் போகும் கட்டளை அடங்கிவிடுகிறது. சூலகம் ஓய்கிறது, மாதவிடாய் நின்றுவிடுகிறது. மெலிய வேண்டுமென்று பட்டினி கிடக்கும் கல்லூரி மாணவிக்கும், அளவுக்கு மிஞ்சி ஓடிப் பயிலும் விளையாட்டு வீராங்கனைக்கும் இது நேர்வதுண்டு. அங்கே குறைந்தது சோறு. அதற்கு எந்தப் போத்தலும் ஈடாகாது.

எம் மூதாட்டிமார் ஓமோனின் பெயர் அறியார். இந்தத் தொடர்பை மட்டும் எப்படியோ அறிந்திருந்தனர். பெண் பெரியபிள்ளையானால் உழுத்தம்மாவும் நல்லெண்ணெயும் பனங்கட்டியும் சேர்த்துக் களி கிண்டிக் கொடுப்பது எமது வழக்கம். முட்டை உண்ணும் வீடுகளில் முட்டையும் கொடுப்பர். பிள்ளை பெற்றவளுக்கு மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், உள்ளி சேர்த்த சரக்குக் கறி. இவற்றை இன்றைய அறிவு கொண்டு பார்த்தாலும் பெரும்பாலும் பழுதில்லை. உழுந்தின் நிறையில் ஏறக்குறைய காற்பங்கு புரதம். இரும்பும், இரத்தம் ஊறுவதற்கு வேண்டிய போலேற்றும் அதில் உண்டு. நல்லெண்ணெய் வளரும் உடலுக்கு வேண்டிய கொழுப்பைத் தருகிறது. பச்சை முட்டை குடிக்கக் கொடுப்பதை மட்டும் விட்டுவிடலாம். அவித்த முட்டையின் புரதமே உடலிற் கூடுதலாகச் சேரும், கிருமிப் பயமும் இராது. எள்ளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எள்ளிலுள்ள சுண்ணாம்புச் சத்து எண்ணெயில் வருவதில்லை. செக்கில் ஆட்டிய பின் அது பிண்ணாக்கோடு பெரும்பாலும் மாட்டுக்குப் போய்விடுகிறது. ஆகவே எண்ணெயோடு எள்ளுருண்டையும் கொடுப்பது நன்று.

இவ்வளவும் நல்லவையே. எமது குறை எங்கே என்றால், இவை சில வாரத்துடன் முடிந்துவிடுவதுதான். அந்தச் சில வாரமும் அவள் வீட்டுக்கு அரசி. சாமத்தியச் சடங்கு முடிந்து வாடகைக்கு எடுத்த கதிரைகள் திரும்பிப் போனதும் உழுத்தங்களியும் போய்விடுகிறது. அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகள் அப்பெண் வீட்டிற் கடைசியாகச் சாப்பிடுகிறாள். தகப்பனுக்கும் தமையனுக்கும் பின்பு, கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பின்பு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு தேத்தண்ணீர் குடித்து எழும்புகிறாள். உமையை ஒரு பாகத்தில் வைத்த பெருமானை வணங்கும் வீட்டில் பந்தியிற் பாதி பெண்ணுக்கு இல்லாதிருப்பது என்ன நியாயம்? இதைப் பெரியோர் கோபியாது கேட்பார்களாக.

இதனால் முதலில் குறைவது இரும்பு. மாதவிடாய் ஒன்றிற் போகும் இரத்தம் பொதுவாக 30 முதல் 40 மில்லிலீற்றர். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. சிறுதொகைபோற் தோன்றும். ஆனால் இலைகளிலும் தானியங்களிலும் உள்ள இரும்பில் மிகச் சிறு பங்கையே குடல் உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்க நாட்டுப் போசணை அளவுத் திட்டப்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிடாய் உள்ள வயதுப் பெண்ணுக்கு 18, கர்ப்பிணிக்கு 27. கூடுதலாக வேண்டியவளுக்கே நாம் குறைத்துக் கொடுக்கிறோம். கர்ப்பமில்லாத பெண்ணின் இரத்தத்தில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. களைப்பு, படிப்பில் மனஞ் செல்லாமை, மூச்சு வாங்குதல், தலைமயிர் உதிர்தல் என வருகின்ற பலவற்றையும் எம்மவர் ஓமோன் கோளாறு என்று சொல்லிப் போத்தல் தேடுகின்றனர். ஓர் இரத்தப் பரிசோதனை அதைத் தெளிவாக்கிவிடும்.

சாப்பாட்டின் மேல் உடனே தேத்தண்ணீர் குடிப்பதும் இரும்புக்குப் பகை. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலிற் சேரவிடாது. ஒரு மணிநேரமாவது பொறுத்துக் குடித்தல் வேண்டும். தேசிக்காய், கொய்யா, நெல்லி முதலிய புளிப்பான காய்கனிகளிலுள்ள விற்றமின் சீ இரும்பு சேர உதவி செய்யும். ஏகாதசி விரதமிருப்போர் துவாதசிப் பாரணையில் அகத்திக் கீரையையும் நெல்லிக்காயையும் சேர்த்துண்ணும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். கீரையின் இரும்புக்கு நெல்லியே துணை. அதைச் செய்தவர்கள் விற்றமின் அறிந்து செய்தார்கள் என்று பெருமையடிக்க நாம் வரவில்லை; ஆனால் அந்தப் பாரணைக் கறியை மாதத்திற்கு இருமுறை மட்டும் ஏன் உண்ண வேண்டும்? முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, கௌப்பி, குரக்கன் புட்டு ஆகியன பிறநாட்டிலிருந்து வரும் எந்தத் தூளிலும் மலிந்தவை. முருங்கையிலையையே உலர்த்திப் பொடியாக்கிச் சிறு பைகளில் அடைத்து வெளிநாட்டார் பெருவிலைக்கு விற்கின்றனர். எமது வேலியில் அது சும்மா நிற்கிறது.

விரதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கந்தசஷ்டியின் ஆறு நாளும் கேதாரகௌரி விரதத்தின் இருபத்தொரு நாளும் எம் பெண்கள் நோற்பவை. உடல் நலமுள்ளவளுக்கு இவற்றாற் கேடில்லை. இரத்தசோகை உள்ளவளும், கர்ப்பிணியும், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவளும் வைத்தியரைக் கேளாமல் உபவாசம் இருத்தலாகாது. பாலும் பழமும் உண்டு நோற்பதை எவரும் குறைவாக எண்ணலாகாது. அன்றியும் சைவ உணவே உண்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விற்றமின் பீ12 என்பது மரக்கறியில் இல்லை. பாலிலும் தயிரிலும் மாத்திரம் எமக்குக் கிடைக்கிறது. பாலையும் தவிர்க்கும் பெண்ணுக்குக் குளிசை அவசியமானதே. குளிசை என்றாலே வேண்டாதது என்பது எம் கட்சியன்று.

அவ்வாறு அவசியமான வேறும் உண்டு. கருத்தரிக்க எண்ணும் பெண் முன்கூட்டியே நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் போலிக் அமிலம் எடுத்தல் வேண்டும். குழந்தையின் முள்ளந்தண்டு கருவுற்ற முதல் நான்கு வாரத்திற்குள், தாய்க்குத் தெரியுமுன்னரே, மூடிவிடுவதால் பின்பு எடுத்துப் பெரும்பயனில்லை. கிளினிக்கிற் கொடுக்கும் இரும்புக் குளிசையை வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்லி அலுமாரியிற் பூட்டி வைப்பது எம்மிற் பலர் செய்யும் காரியம். 1973ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட திரிபோஷாத் திட்டத்தின் மாவைக் கர்ப்பிணிக்கென்று கொடுக்க, அதை உருண்டை பிடித்து வீட்டார் எல்லாரும் பங்கிட்டு உண்பது வேறு. சோளமும் சோயாவும் சத்துக்களும் அளந்து சேர்த்த அந்தப் பொதி ஒருத்திக்குக் கணக்கிட்டது. தைரொயிட்டுக்கு வேண்டிய அயடினுக்கோ குளிசையும் வேண்டாம். 1995ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டில் உப்போடு அயடின் சேர்க்க விதி செய்யப்பட்டமையால், அவ்வுப்பை மூடிவைத்து, கறி இறக்கும் தறுவாயிற் போட்டாற் போதும். கடற்பாசிக் குளிசை வாங்கி அளவுக்கு மிஞ்சி அயடின் உண்பதும் அச்சுரப்பிக்குக் கேடே.

இனி மூலிகைகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்களை உடையவர் நாம். கைதடியில் இன்றும் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. ஆகவே மூலிகையை இகழ்வது எமக்கு அழகன்று; அதை அறியாமற் புகழ்வதும் அழகன்று. வெந்தயம் இரத்தத்திலுள்ள சீனியை ஓரளவு குறைக்கும். கறியிற் போடும் அளவில் எவருக்கும் நன்று. கர்ப்பிணிகள் அதை மருந்தளவிற் கரைத்துக் குடித்தல் கூடாது. நீரிழிவு மருந்து எடுப்போர் வைத்தியருக்குச் சொல்லியே எடுத்தல் வேண்டும். சாத்தாவாரிக் கிழங்கைப் பால் சுரக்கக் கொடுப்பது பழைய வழக்கம். அதுபற்றிய சோதனைகள் சிறியன. அதன் இலையிற் கஞ்சி காய்ச்சிக் குடிப்பது சிங்களச் சகோதரரிடம் பெருவழக்கு. அசோகப் பட்டை பெரும்பாட்டுக்குப் பேர்போனது. ஆனால் சந்தையில் அசோகப் பட்டை என்று விற்பதில் நெட்டிலிங்கப் பட்டை கலந்திருப்பதை ஆராய்ந்தவர்கள் பலமுறை கண்டிருக்கின்றனர். இரண்டும் வெவ்வேறு மரம். பட்டையை மரத்தோடு அறிந்த பரியாரியாரிடம் வாங்குவதற்கும் பெட்டியில் வாங்குவதற்கும் வேற்றுமை இதுதான்.

நொச்சியின் இனத்தைச் சேர்ந்த செடியொன்று ஐரோப்பாவிலுண்டு. அதன் கனிச்சாற்றை மாதவிடாய்க்கு முன் வரும் மனச்சோர்வுக்கும் மார்பு நோவுக்கும் ஜேர்மனியில் 170 பெண்களிடம் சோதித்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உண்மை மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 52 பேருக்கும், மருந்தில்லாத வெற்றுக் குளிசை பெற்றவருள் 24 பேருக்கும் குணந் தெரிந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன் அமெரிக்காவில் இதே நோய்க்குக் கல்சியம் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது, மூன்றாம் மாதத்தில் உபாதை நூற்றுக்கு 48 பங்கு குறைந்தது. வெற்றுக் குளிசை எடுத்தவருக்கும் 30 பங்கு குறைந்தது. மருந்து ஓரளவு வேலை செய்கிறது என்பது ஒன்று. வெறும் குளிசையும் இவ்வளவு ஆறுதல் தருகிறது என்பது மற்றொன்று. பக்கத்து வீட்டு அக்கா ஒரு போத்தலைக் குடித்துச் சுகமானேன் என்று சத்தியஞ் செய்வாராயின், அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் போத்தலின் குணம் அதனால் நிலைபெறவும் இல்லை.

கிழங்கிலிருந்து பெண் ஓமோன் எடுக்கலாம் என்று விளம்பரஞ் செய்வோரும் உளர். இதில் அரை உண்மை இருக்கிறது. 1940களில் இரசல் மார்க்கர் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் மெக்சிக்கோவிற் காட்டு வள்ளிக்கிழங்கு இனமொன்றிலுள்ள டயோஸ்ஜெனின் என்னும் பொருளிலிருந்து புரோஜெஸ்தரோனை ஆக்கினார். எமது இராசவள்ளிக்கு அது தூரத்து உறவு. ஆனால் அந்த மாற்றம் நடந்தது இரசாயனகூடத்துக் குடுவையில். மனித உடல் அதனைச் செய்ய வல்லதன்று. ஆகவே கிழங்குச் சாற்றைப் பூசினாலும் குடித்தாலும் உடலில் புரோஜெஸ்தரோன் உண்டாகாது. இராசவள்ளிக் கஞ்சியைச் சுவைக்காகக் குடியுங்கள்.

போத்தல் வியாபாரம் புதியதன்று. 1875ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து லின் நகரில் லிடியா பிங்கம் என்னும் அம்மையார் பெண்களின் சகல நோய்க்கும் என்று மூலிகைச் சாறொன்றை விற்கத் தொடங்கினார். அவர் மதுவிலக்கை ஆதரித்தவர். அவருடைய போத்தலிலோ நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு அளவில் மதுசாரம் இருந்தது! குடித்தவர்களுக்குக் கவலை சற்றுத் தீர்ந்ததில் வியப்பில்லை. எமது நாட்களில் அச்சம் வேறு வகையானது. 2004ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் 70ஐச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், பாஷாணம் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ கண்டனர். ஈயம் தாயின் எலும்பிற் தங்கிக் கருவிலுள்ள பிள்ளைக்கும் போகக்கூடியது. இந்நாட்டில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற வைத்தியர்கள் இருக்கும்போது, முகமறியாத ஒருவர் தபாலில் அனுப்பும் பொட்டலத்தை வாங்குவது ஏன்?

இளம்பெண்களிடம் இப்போது அதிகமாகப் பேசப்படுவது சூலகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றும் நோய். இதனை 1935ஆம் ஆண்டிலேயே சிக்காகோ நகர வைத்தியர்கள் ஸ்ரைன், லெவென்தால் இருவரும் விவரித்துள்ளனர். மாதம் பிந்தும்; முகத்தில் மயிர் அரும்பும்; பரு உண்டாகும்; பலருக்கு உடல் பருக்கும். இன்சுலின் சரிவர வேலை செய்யாமை இதில் பெரும்பங்கு கொள்கிறது. பருத்த உடலினர் தம் நிறையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கைக் குறைத்தாலே பலருக்கு மாதம் ஒழுங்காகிவிடுகிறது. தீட்டிய அரிசிச் சோற்றைக் குறைத்துப் பருப்பும் கீரையும் கூட்டுதல், சீனித் தேத்தண்ணீரையும் மென்பானத்தையும் விடுதல், நாடோறும் நடத்தல் என்பனவே முதல் மருந்து. சந்தையில் விற்கும் இனோசிற்றோல் தூளால் கேடு குறைவு. எனினும் 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி அதற்குரிய சான்று போதாதென்றே சொல்கிறது. பெண்பிள்ளை வீதியிலே நடப்பதா என்று தடுக்கும் வீட்டார், அந்நோயை வளர்ப்பதில் தமக்கும் பங்குண்டு என்பதை உணரல் வேண்டும்.

மாதவிடாய் நிற்கும் வயதினருக்குச் சோயாவாற் சூடு பறத்தல் சிறிது தணியலாம். கறுப்புக் கோகோஷ் என்னும் அமெரிக்க வேர் சிலருக்கு ஈரலைப் பாதித்ததாக அறிக்கைகள் உள்ளன. ஈரல் நோயுள்ளவர் அதைத் தொடவேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய தடை மருந்தன்று; வெட்கம். வீட்டுக்கு விலக்கு என்று ஒதுங்கியிருக்கும் வழக்கத்தைப்பற்றி நாம் இன்று வாதிடவில்லை. ஆனால் அந்த ஒதுக்கத்துள் நோயும் ஒளிந்துகொள்கிறது. ஒன்று இரண்டு மணிக்கொருமுறை துணி மாற்றவேண்டி வந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், பெரிய கட்டிகளாக விழுந்தால், பள்ளிக்கூடம் போகமுடியாத நோவிருந்தால், மணமாகாத பெண்ணாயினும் மூன்று மாதம் வராதிருந்தால், நின்றுபோன பின் மறுபடி இரத்தங் கண்டால், அதற்குக் கசாயம் வைத்துக் காத்திருத்தல் கூடாது. வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று மகளை மகப்பேற்று வைத்தியரிடம் கூட்டிச்செல்ல அஞ்சும் தாய்மார் இருக்கின்றனர். குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வருபவர். அவரிடமாவது முதலிற் சொல்லலாம். சகோதரர்களே, உங்கள் தங்கை மாதத்திற் சில நாள் சுருண்டு படுத்தால் வேடிக்கை பேசாது, தேத்தண்ணீரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியரிடம் போகும்போது நீங்கள் உண்ணும் கசாயம், தூள், போத்தல் யாவற்றையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அரிட்டங்களில் இயல்பாகவே மதுசாரம் உண்டு என்பதையும் அவர் அறியவேண்டும். தைரொயிட்டுக் குளிசையை விடியற்காலை வெறுவயிற்றில் நீரோடு விழுங்கி, அரைமணி ஒருமணி கழித்து உணவு கொள்ளல் வேண்டும். இரும்பும் கல்சியமும் அதற்கு நான்கு மணிநேரமாவது தள்ளி. இரும்பையும் கல்சியத்தையும் ஒரே வேளையிற் சேர்க்காமல், இரும்பை மதிய உணவின்பின் தேசிக்காய்த் தண்ணீரோடும் கல்சியத்தை இரவு உணவோடும் வைத்துக்கொள்ளலாம். இரும்புக் குளிசையால் மலம் கறுத்துப் போவது இயல்பு. அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். வயிற்றைப் பிரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள்.